பாடசாலையை நிறுத்துவதற்கு முன்: வீட்டுக்கல்வியை யோசிக்கும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஆறு மணிக்கு வயிற்றுவலி என்று சொல்லி அழும் பிள்ளைக்கு சனி, ஞாயிறுகளில் மட்டும் அந்த வலி வராமல் இருக்குமானால், அந்த வீட்டில் “இனிப் பாடசாலை வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்போம்” என்ற பேச்சு எழுவதற்கு அதிக நாள் செல்லாது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் அது எழுந்தது. மகன் அப்போது மூன்றாம் தரத்தில் இருந்தான். அந்த நாட்களில் நானும் கணவரும் செய்த பிழைகளையும், அதன் பிறகு இதே கேள்வியோடு என்னிடம் வந்த பெற்றோர் சிலர் செய்யக் கண்ட பிழைகளையும் இங்கு எழுதுகிறேன். வீட்டுக்கல்வியால் மலர்ந்த பிள்ளைகளை நான் அறிவேன்; ஆகவே அதை வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமல்ல. அவசரத்தில் எடுத்த முடிவுக்குப் பிள்ளை விலை கொடுப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிள்ளைக்கு எது கடினமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்காமலே பாடசாலையை நிறுத்துவது. “படிப்பில் பின்தங்குகிறான்” என்பது நோயின் பெயரல்ல, வெளியே தெரியும் அறிகுறி மட்டுமே. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும், காதில் நீர் கோத்து ஆசிரியரின் குரல் பாதி மட்டும் கேட்கும் பிள்ளையும், இரும்புச்சத்துக் குறைவால் பத்து மணிக்கே சோர்ந்துவிடும் பிள்ளையும், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத பிள்ளையும், இடைவேளையில் அடிவாங்கும் பிள்ளையும் தவணை அறிக்கையில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ஆனால் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி போதும். இன்னொருவருக்கு நீண்ட காலச் சிகிச்சை வேண்டும். கண், காது, இரத்தப் பரிசோதனைகளை முதலில் முடித்துவிட்டு, அதன் பின் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் சிறுவர் உளநலப் பிரிவையோ, றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும், விசேட தேவையுள்ள சிறுவர்களுக்கான அயதி நிலையத்தையோ நாடுவது, கொழும்பில் இருப்பவர்களுக்கு எட்டாத காரியமல்ல. அரச வைத்தியசாலையில் முறை வரும்வரை காத்திருக்க நேரும்தான். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காகப் பாடசாலையை நிறுத்துவது, மருந்துச் சீட்டு வாங்காமல் மருந்து குடிப்பதற்கு ஒப்பானது.

எங்கள் மகனின் சிக்கல் வாசிப்பில் இருந்தது. ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேசையில் அவனோடு அமர்ந்து, விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். “கொடி” என்ற சொல்லில் அவன் விரல் முதலில் கொம்பில் நின்றது. கொம்பு முன்னால் இருக்க, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. கண் போகும் திசையும் நாக்கு போகும் திசையும் அங்கே பிரிந்துவிடுகின்றன. அடுத்து வரும் கால் குறியை (ா) அவன் ரகரமாக எடுத்துக்கொண்டு, மெதுவாக, வியர்த்துப்போய், “கெரடி” என்று வாசித்தான். அதே சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னவுடன் கொடி எங்கே பறக்கும், எத்தனை நிறம் என்றெல்லாம் அழகாகச் சொன்னான். இரண்டு வருடங்களாக அவனைச் சோம்பேறி என்று ஏசிய என் வாயை அன்று நானே நொந்துகொண்டேன். டிஸ்லெக்சியா என்று வைத்தியர் பின்னர் சொன்ன அந்த வாசிப்புச் சிக்கல், பாடசாலையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அவனோடுதான் வரும். இரண்டு இடத்திலும் அதற்கென்று முறையாகக் கற்பிக்க வேண்டும். இடத்தை மட்டும் மாற்றியிருந்தால், ஆசிரியரின் ஏச்சுக்குப் பதில் அம்மாவின் ஏச்சைத்தான் கேட்டிருப்பான்.

பாடசாலையோடு பேசாமலே அதைக் கைவிடுவது இன்னொரு தவறு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு நம் பிள்ளையின் சிரமம் தெரியாமல் இருப்பது இயல்பு. வைத்திய அறிக்கையோடு சென்று, முன்வரிசையில் இருக்கை, எழுதுவதற்குக் கூடுதல் நேரம், சில விடைகளை வாய்மொழியாகச் சொல்ல அனுமதி என்று இன்னது வேண்டும் எனக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பொதுப் பரீட்சைகளிலும் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகள் உரிய காலத்தில் விண்ணப்பித்து மேலதிக நேரம் போன்ற வசதிகளைக் கோரலாம். பிள்ளை பயப்படுவது அடிக்கும் சுபாவமுள்ள சக மாணவனுக்கோ பிரம்புக்கோ என்றால் அது வேறு விடயம். அதிபரிடம் எழுத்தில் முறையிட வேண்டும், பலனில்லையேல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். சத்தமில்லாமல் பிள்ளையை விலக்கிக்கொண்டால், குற்றம் தன்னுடையது என்றே அந்தப் பிள்ளை நினைத்து வளரும்.

சட்டத்தையும் காகிதங்களையும் அலட்சியம் செய்யக்கூடாது. இலங்கையில் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி கட்டாயமாக இருந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே, பெயரைப் பாடசாலை இடாப்பில் விட்டுவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதோ, யாருக்கும் சொல்லாமல் நின்றுவிடுவதோ சரியல்ல. வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் பேசி, என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். விடுகைப் பத்திரத்தைக் கோபத்தில் வாங்கிவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த குடும்பமொன்று ஒரு வாக்குவாதத்தின் முடிவில் அதை வாங்கிவந்து, எட்டு மாதங்களில் மனம் மாறித் திரும்பிப் போனபோது, வகுப்பில் இடமில்லை என்ற பதிலே கிடைத்தது. கொழும்பில் பெயர்பெற்ற பாடசாலைகளின் இடைவகுப்பில் ஓர் இடம் எவ்வளவு அரிது என்பதை முதலாம் தரத்துக்கு விண்ணப்பித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

பரீட்சைப் பாதையைப் “பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. மூன்றாம் தரத்தில் அது பரவாயில்லை. ஏழாம், எட்டாம் தரத்தில் அது ஆபத்து. க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம்; ஆனால் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறோடு தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்யும் பாடங்கள் மூன்றையும் சேர்த்து ஒன்பது பாடங்களுக்கு வீட்டில் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிப் பார்க்க வேண்டும். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், ஆசிரியர் வழிகாட்டிகளை மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் இலவசமாகத் தரவிறக்கலாம் என்பதால், புத்தகம் ஒரு தடையல்ல.

இங்கே கொழும்புக்கே உரிய ஒரு பொறியைக் குறிப்பிட வேண்டும். வீட்டுக்கல்வி என்றவுடன் பிரித்தானியப் பரீட்சைகளுக்கான லண்டன் பாடத்திட்டம் என்றும், ஆங்கில மொழிமூலம் என்றும் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனிப்பட்ட முறையில் அந்தப் பரீட்சைகளுக்குத் தோற்ற முடியும் என்பது உண்மைதான். கட்டணத்தைப் பாடத்துக்குப் பாடம் செலுத்த வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் தாய்மொழியிலேயே எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையின் தலையில், இடமாற்றத்தோடு மொழி மாற்றத்தையும் ஒரே மாதத்தில் ஏற்றுவது கொடுமை. ஒன்று நிலைபெற்ற பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

வீட்டைப் பாடசாலையாக மாற்றும் தவறை நாங்களே செய்தோம். முடிவெடுப்பதற்கு முன் டிசம்பர் விடுமுறையில் ஒத்திகை பார்ப்போம் என்று நினைத்தது நல்ல யோசனைதான். அதை நடத்திய விதம்தான் பிழை. வெள்ளைப் பலகை வாங்கினேன், நேரசூசி ஒட்டினேன், காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு என்று அரச பாடசாலையை அப்படியே வரவேற்பறைக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் காலை அவனுக்கு வீட்டிலேயே வயிற்றுவலி வந்தது. ஒருவர் ஒருவருக்குக் கற்பிக்கும்போது ஆரம்பத் தரப் பிள்ளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தாராளம் என்பதும், இடாப்பு, வரிசை, காத்திருப்பு எல்லாம் சேர்ந்துதான் பாடசாலையின் ஆறு மணி நேரம் ஆகிறது என்பதும் அதன் பிறகுதான் புரிந்தது. பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டு, சந்தைக்குப் போய் மரக்கறி நிறுத்துக் கணக்குப் பார்த்தோம். மணலில் எழுத்து எழுதினோம்.

யார் கற்பிப்பது என்பதை மழுப்பக்கூடாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அம்மம்மாவும் நான்கு ரியூசன் வகுப்புகளும் சேர்ந்தால் அது வீட்டுக்கல்வி ஆகாது. நாற்பது பேர் வகுப்பிலிருந்து நூறு பேர் மண்டபத்துக்குப் பிள்ளையை மாற்றியதாகத்தான் முடியும். வேலையை விடுவதென்றால் அந்த வருமானம் இல்லாமல் ஆறு மாதம் குடும்பத்தை நடத்திப் பாருங்கள்.

தோழமையைப் பற்றி உறவினர்கள் கேட்பது வீண் கேள்வியல்ல. மாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளை நாள் முழுதும் பெரியவர்களோடு மட்டுமே இருந்தால் வாடிவிடும். அதோடு, இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைக்கு இன்றியமையாத சிங்களமும் கைநழுவும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் மாநகர பொது நூலகமும் உதவும், ஆனால் சம வயதுப் பிள்ளைகளோடு ஓடி விளையாட வாரத்தில் நிலையான நாட்கள் வேண்டும்; நீச்சலோ கிரிக்கெட்டோ, சிங்களம் பேசும் பிள்ளைகளும் வரும் இடமாகத் தேடுங்கள்.

இவ்வளவையும் நாங்கள் பேசித் தீர்த்த பிறகும் ஒருவரிடம் கேட்க மறந்திருந்தோம். அந்த விடுமுறையின் கடைசி வாரத்தில், படுக்கையில் அவன் அருகே அமர்ந்து, பாடசாலையில் எதை மாற்றினால் போவாய் என்று கேட்டேன். நண்பர்களின் பெயர்களைச் சொன்னான், பாடசாலை வான் ஓட்டும் மாமாவைப் பற்றிச் சொன்னான். பின்பு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எழும்பி நிண்டு எல்லாருக்கும் முன்னால வாசிக்கச் சொல்லாட்டி நான் போவன், அம்மா” என்றான். தவணை தொடங்கிய முதல் நாள் வைத்திய அறிக்கையோடு வகுப்பாசிரியரைச் சந்தித்தேன். இனி அவனைத் தன் மேசைக்கு அழைத்து, அங்கேயே மெதுவாக வாசிக்கக் கேட்பதாக அவர் சொன்னார். வாரத்தில் இரண்டு மாலைகள் எழுத்துப் பயிற்சிக்கென்று ஒதுக்கினோம். அவன் இன்றும் அதே பாடசாலையில்தான் படிக்கிறான்.