குவாரண்டைன் தொட்டியில் வெல்வெட்: என் அனுபவம்

வெல்வெட் என்பது கடல்மீன்களின் செவுளையும் தோலையும் தாக்கும் ஒட்டுண்ணி நோய். சென்னை கொளத்தூரில் வாங்கி, குவாரண்டைன் தொட்டியில் (புது மீன்களைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) விட்ட டாம்செல் என்னும் சிறு கடல்மீன்கள் நான்காம் நாள் தீனி எடுக்கவில்லை. வேவ்மேக்கர் (தொட்டியில் அலை உண்டாக்கும் கருவி) ஓட்டத்தில் நின்று வேகமாக மூச்சு வாங்கின. விளக்கைக் கண்டு ஒதுங்கின.

வெள்ளைப்புள்ளி நோயில் உப்புக்கல் போலத் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும். இங்கே, பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் மாவு தூவியது போலத் தெரிந்தது. மீனின் மேல் ஒட்டும் புழுவா என்று பார்க்க, ஆர்ஓ நீரைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் பிஹெச்சைச் சமமாக்கி, கறுப்பு டப்பாவில் ஊற்றி, மீன்களை அதில் 5 நிமிடம் விட்டேன். எள் அளவில் வெள்ளையாக எதுவும் உதிரவில்லை. ஆக, வெல்வெட். ஓரிரு நாளிலேயே கொல்லும், காத்திருக்கக் கூடாது.

இதற்கு மருந்து செம்பு: 750 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் லேப் தர மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) 3 கிராம், சிட்ரிக் அமிலம் 2 கிராம். இதில் 1 மி.லி.க்குச் சுமார் 1 மி.கி. செம்பு. 100 லிட்டருக்கு 20 மி.லி.யை இரண்டு நாளில் நான்கு தவணையாக ஊற்றினால் லிட்டருக்கு 0.2 மி.கி. வரும். 0.15க்குக் கீழே ஒட்டுண்ணி பிழைக்கும், 0.25ஐத் தாண்டினால் மீனுக்கே ஆபத்து. காலை, மாலை காப்பர் கிட்டில் (செம்பின் அளவைக் காட்டும் சோதனைப் பெட்டி) பார்க்கவேண்டும்.

எனக்கு அளவு இறங்கிக்கொண்டே போனது. காரணம் ஃபில்டரில் கிடந்த பவளத்துண்டுகள்; செம்பை அவை உறிஞ்சிவிடும். எடுத்துவிட்டு, மீன்கள் ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள் மட்டும் வைத்தேன். அம்மோனியா ஏறினால் 25 லிட்டர் மாற்றி, புதுத் தண்ணீருக்கு 5 மி.லி. மருந்து. அம்மோனியா நீக்கும் திரவத்தைச் செம்போடு சேர்க்கவே கூடாது, மீன் செத்துவிடும். நம்மூர் வெயிலில் ஆக்சிஜன் குறையும். பேட்டரி ஏர்பம்ப் அவசியம்.

வெள்ளைப்புள்ளி ஒளிந்திருந்தாலும் அடங்கட்டும் என்று 30 நாள் அதே அளவில் வைத்து, பிறகு செம்பை நீக்க ஃபில்டரில் கார்பன் போட்டேன்.