நைந்துபோன தேசியக் கொடியை என்ன செய்வது? பலரும் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட் 15-க்கு ஏற்றிய கொடி பல மொட்டைமாடிகளில் பொங்கல் வரை அப்படியே நிற்கிறது, வெயிலில் காவி வெளுத்து, ஓரம் நூல் நூலாகப் பிரிந்து. முதல் தவறு அதுதான். 2022 ஜூலையில் விதி மாறி, வீட்டில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என்று ஆனது உண்மை. ஆனால் கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்ற விதி மாறவில்லை. கிழிசல் கண்ணில் பட்ட அன்றே இறக்கிவிடுங்கள்.

சரி, இறக்கியபின்? இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள், பழந்துணி மூட்டையில் சேர்க்கிறார்கள், வண்டி துடைக்கக்கூட எடுத்துக்கொள்கிறார்கள். அவமதிக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை, என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: சேதமடைந்த கொடியை முழுதாக, தனிமையில் அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது, இல்லையென்றால் அதன் மாண்புக்கு ஏற்ற வேறு வழியில்.

"முழுதாக" என்றால் வெட்டக் கூடாது. சக்கரத்தை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

"தனிமையில்" என்பது இன்னும் முக்கியம். மரியாதையாகத்தானே செய்கிறோம் என்று தெருமுனையில் ஆட்களைக் கூட்டி எரிப்பது, அதை வீடியோ எடுத்துப் போடுவது, இரண்டும் வேண்டாம். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையிலோ கொடியை எரிப்பது 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வீட்டுக்குள், சுத்தமான இடத்தில், கொடியை மடித்து வைத்து, பற்றவைத்து, முழுதும் சாம்பலாகும் வரை பக்கத்திலேயே இருங்கள். பாதி எரிந்ததை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

கதர், பருத்திக் கொடிகளுக்கு இது சரி. 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் கொடிகளும் வந்துவிட்டன. அதைக் கொளுத்தினால் உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், புகையும் கெடுதல். அதனால் அதைப் புதைப்பதே மேல். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, இரு பக்கங்களையும் சக்கரத்தை நோக்கி மடித்தால் சக்கரம் மேலே தெரியும். அப்படியே ஒரு மரப்பெட்டியில் வைத்து, நாய் தோண்டாத ஆழத்தில், யாரும் மிதித்து நடக்காத இடத்தில் புதையுங்கள்.

இன்னொன்று, வீட்டில் யாராவது இறந்தால் பழைய கொடியைச் சிதையில் சேர்த்து எரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கிலேயே உடல்மீது போர்த்திய கொடியை எடுத்துவிடுவார்கள், கொடி சிதையிலும் எரியக் கூடாது, குழியிலும் இறங்கக் கூடாது.

அப்புறம் காகிதக் கொடிகள். விழா முடிந்த மைதானத்தில் காலடியில் கிடப்பவை பெரும்பாலும் இவைதான். குழந்தைகளிடம் கொடுத்தவர்களே திரும்ப வாங்கி ஒரு பையில் சேர்த்துக்கொண்டு வந்து, இதே மாதிரி தனிமையில் எரித்துவிடலாம். பிளாஸ்டிக் கொடியை வாங்கவே வாங்காதீர்கள், அது மக்கவும் மக்காது, மரியாதையாக அழிக்கவும் வழியில்லை.