சினிமா உடையிலிருந்து உங்கள் ஸ்டைல்: முதன்முறை முயல்பவர்களுக்கான வழி

2018-இல் '96' படம் வந்த பிறகு மஞ்சள் குர்தாவும் நீல ஜீன்ஸும் எங்கு பார்த்தாலும் தென்பட்டன. படத்தின் பெரும்பகுதியில் ஜானுவாக வரும் த்ரிஷா போட்டிருப்பது அந்த உடைதான். வாங்கிப் போட்ட சிலருக்கு அது அழகாக அமைந்தது. பலர் இரண்டு முறை போட்டுவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது உடையை மட்டும். அந்த உடைக்குப் பின்னால் இருந்த யோசனையை எடுத்திருந்தால், வேறு நிறத்தில், வேறு துணியில், தங்களுக்குப் பொருந்தும் ஒன்று கிடைத்திருக்கும்.

அந்த யோசனையைப் பிடிப்பது எப்படி என்றுதான் எழுதுகிறேன். ஏற்கெனவே பார்த்து ரசித்த ஒரு படம், ஒரு நோட்டு, உங்கள் பீரோ: இவ்வளவு போதும். இப்போதைக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

1. நடிகரை விடுங்கள், பாத்திரத்தைப் பிடியுங்கள்

உங்களைப் போல நடமாடும் ஒரு பாத்திரம் வேண்டும். வேலைக்குப் போகிறவர், பஸ் ஏறுகிறவர், வெயிலில் நடக்கிறவர். கனவுப் பாட்டில் வரும் உடைகளை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அவை அந்த நாலு நிமிடத்துக்காகத் தைத்தவை.

ஜானுவைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பள்ளித் தோழர்களைச் சந்திக்க வருகிறாள், விடிந்தால் திரும்ப விமானம் ஏற வேண்டும். இடையில் இருப்பது ஒரே ஒரு இரவு. அந்த உடையில் அவள் பழைய நண்பர்கள் முன் நிற்க வேண்டும், காரில் உட்கார வேண்டும், ஊர் அடங்கிய பிறகு தெருவில் நடக்க வேண்டும். குர்தாவும் ஜீன்ஸும் இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும். பளிச்சென்ற மஞ்சள், இரவுக் காட்சிகளில் நம் கண்ணை அவள் மேலேயே நிறுத்துகிறது. பாத்திரத்தின் ஒரு நாளை இப்படி யோசித்துப் பார்த்தால் உடை எதற்காக அப்படி இருக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

விலை உயர்ந்த துணிதான் நல்ல உடை வடிவமைப்பு என்ற எண்ணமும் வேண்டாம். உடை வடிவமைப்பாளர் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'பரதேசி', தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்களின் கதை. அதில் பட்டுக்கும் ஜரிகைக்கும் வேலையே இல்லை.

2. சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்

வசனமும் இசையும் இருந்தால் மனம் கதைக்குள் போய்விடும். சத்தம் இல்லாமல், அந்தப் பாத்திரம் வரும் காட்சிகளை மட்டும் ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கழுத்து எப்படி வெட்டியிருக்கிறது, தோள் எங்கே முடிகிறது, கை எதுவரை வருகிறது, உடம்பைப் பிடிக்கிறதா தளர்ந்து விழுகிறதா, எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவதுதான் முக்கியம்.

இதைப் பழக எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த படம் வோங் கார்-வாய் இயக்கி 2000-இல் வந்த 'இன் த மூட் ஃபார் லவ்'. 1962-இல் ஹாங்காங்கில் தொடங்கும் கதை. மேகி சியூங் படம் நெடுக சியோங்சாம் என்ற சீன உடையிலேயே வருகிறார். எண்ணினால் இருபதைத் தாண்டும். உடைகளைக் கவனித்த வில்லியம் சாங்தான் படத்தொகுப்பும் செய்தவர். அதனால்தானோ என்னவோ, நாள் மாறியதை நமக்குப் பல இடங்களில் அந்த உடையே சொல்லிவிடுகிறது: அதே படிக்கட்டு, அதே தெரு, பூப்போட்ட துணி மட்டும் கோடுபோட்டதாக மாறியிருக்கும்.

கூர்ந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் உயரமான காலர், குட்டைக் கை, இடுப்பை ஒட்டிய தைப்பு. வெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது துணியும் அச்சும். இவ்வளவு உடைகள் மாற்றியும் ஒரே ஆளாகவே அவர் நம் நினைவில் நிற்பதற்கு இதுதான் காரணம். தனக்கென்று ஒரு ஸ்டைல் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை.

3. பார்த்ததை ஒரே வரியாக எழுதுங்கள்

நோட்டில் குறித்ததையெல்லாம் ஒரு விதியாகச் சுருக்குங்கள். மேலே சொன்ன ஹாங்காங் படத்துக்கு என் வரி: "வெட்டு மாறாது, துணி மாறும்." ஜானுவுக்கு: "ஒரு நிறம் மட்டும் பேசட்டும், மற்றது அன்றாட உடை." 2015-இல் வந்த 'பிரேமம்' படத்தைப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பையன்கள் கறுப்புச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகக் கிளம்பினார்களே, அதற்கு: "இரண்டே நிறம், நடுவில் எதுவும் இல்லை." வேட்டி கட்டாதவர் இதைக் கறுப்புக் குர்தாவும் வெள்ளைப் பேண்டுமாக வைத்துக்கொள்ளலாம்.

வரியாக எழுதினால் வேறு ஊர் உடையை நம் ஊருக்கு மாற்றுவதும் எளிது. 1977-இல் வந்த 'ஆனி ஹால்' படத்தில் டயான் கீட்டன் ஆண்களின் சட்டை, வெய்ஸ்ட்கோட், டை, தொளதொள பேண்ட் என்று வருவார். அதில் பெரும்பங்கு அவருடைய சொந்த ரசனை. சென்னைப் புழுக்கத்தில் வெய்ஸ்ட்கோட் போட முடியாது. "ஆண் உடையைத் தளர்வாக, தன் வசதிக்குப் போடுவது" என்ற வரியை எடுத்துக்கொண்டால் அப்பாவின் பழைய காட்டன் சட்டை போதும். கையை மடித்துவிட்டு, தளர்வான லினன் பேண்டோடு போடலாம்.

4. பீரோவைத் திறந்து, விதிக்குள் வருவதை வெளியே எடுங்கள்

கட்டிலில் பரப்பி வையுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் தேறும். எது குறைகிறதோ அதை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

5. துணி வாங்கும்போது

திரையில் பார்த்த நிறத்தை அப்படியே தேடாதீர்கள். படம் பிடித்த விளக்கும், பிறகு படத்தின் நிறங்களைத் திருத்தும் கலர் கிரேடிங்கும் அதை மாற்றியிருக்கும். கடை விளக்கும் மாற்றும். துணியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து முகத்தருகே வைத்துப் பாருங்கள். தயங்க வேண்டாம், துணிக்கடைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். கைத்தறிப் பருத்தி என்றால் தைக்கக் கொடுக்கும் முன் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது முன்பே சுருங்கிவிடும்.

6. தையல்காரரிடம் பேசுவது

சினிமா உடை அழகாக நிற்பதற்குப் பாதிக் காரணம், அது அந்த ஒருவரின் உடம்புக்கென்றே பலமுறை போட்டுப் பார்த்துத் திருத்தித் தைத்தது. நமக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கக்கூடியவர் நம் தெருத் தையல்காரர்தான். படத்தின் போட்டோவை மட்டும் நீட்டாதீர்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஓர் அளவு உடையும் எடுத்துப் போங்கள். "அண்ணா, தோளும் உடம்பும் இந்த அளவுக்கே இருக்கட்டும். கழுத்து மட்டும் போட்டோவில இருக்கிற மாதிரி. கை முழங்கைக்குக் கீழ ரெண்டு அங்குலம் வரட்டும்" என்று சொன்னால் அவருக்கு வேலை தெளிவாகிவிடும். உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பின்னால் பிரித்துவிட உதவும். தோள் சரியாக உட்காரவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். இடுப்பை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம், தோளைத் திருத்துவது பெரிய வேலை.

7. ஒரு சாதாரண நாளில் போடுங்கள்

விசேஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். வேலைநாளில் போட்டு, வண்டி ஓட்டி, படி ஏறி, சாப்பிட உட்கார்ந்து பாருங்கள். கையைத் தூக்கும்போது அக்குளில் இழுக்கிறதா, காலர் உறுத்துகிறதா என்று சாயங்காலம் நோட்டில் எழுதுங்கள். அந்தக் குறிப்போடு திரும்ப அதே தையல்காரரிடம் போய், அதே வெட்டில் வேறு துணியைக் கொடுங்கள்.