ஒரு மூடை நெல்லும் ஒரு முட்டையும்: திணிவு, நிறை, விசை, அடர்த்தி

விஞ்ஞானத்தைக் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது, திணிவும் நிறையும் ஒன்றுதானா என்ற இடத்தில்தான். இதைத் தெளிவாக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இலங்கையின் வடக்கே வன்னியில் வயல் செய்யும் வீடொன்றில் இருக்கும் நெல்மூடை, சைக்கிள், தராசு, வாளி, உப்பு, முட்டை ஆகியவையே போதும்.

முதலாம் படி: திணிவை உணர்தல்

வெறும் சைக்கிளைச் சமதரையில் தள்ளிப் பாருங்கள். பிறகு 50 கிலோகிராம் மூடையொன்றை அதில் கட்டிவிட்டு மீண்டும் தள்ளுங்கள். மூடையைத் தாங்குவது நிலமே அன்றி உங்கள் கையன்று. ஆயினும் சைக்கிளை நகரச் செய்வதும், நகர்ந்த பின் நிறுத்துவதும் முன்னையதைவிடக் கடினமாகின்றன. இயக்கத்தை மாற்ற முயலும்போது ஒரு பொருள் காட்டும் இந்த எதிர்ப்புக்கு அளவாக அமைவது அதன் திணிவு. அதன் அலகு கிலோகிராம்.

இரண்டாம் படி: விசையைக் கணித்தல்

நியூற்றனின் இரண்டாம் விதிப்படி, விசை என்பது திணிவையும் ஆர்முடுகலையும் (வேகம் மாறும் வீதத்தையும்) பெருக்கி வருவது. அதன் அலகு நியூற்றன். சைக்கிளின் திணிவு 20 கிலோகிராம் எனவும், ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 0.5 மீற்றர் எனவும் கொண்டால், உராய்வைக் கருதாதபோது 10 நியூற்றன் விசை போதும். மூடையோடு சேர்த்துத் திணிவு 70 கிலோகிராம் ஆவதால், அதே ஆர்முடுகலுக்கு 35 நியூற்றன் வேண்டும்.

மூன்றாம் படி: நிறையைப் பிரித்தறிதல்

இப்போது மூடையை விற்றராசில் தொங்கவிடுங்கள். புவி மூடையைக் கீழ்நோக்கி இழுக்கும் விசைதான் நிறை; அதற்கு ஈடுகொடுக்கும் வரை வில் நீள்கிறது. வன்னியில் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.78 என்பதால், மூடையின் நிறை 489 நியூற்றன். துருவத்தில் அது 491.5 ஆகவும், ஈர்ப்பு ஆர்முடுகல் 1.62 மட்டுமே உள்ள சந்திரனில் 81 ஆகவும் இருக்கும். திணிவோ எங்கும் 50 கிலோகிராம்தான். படிக்கற்கள் வைக்கும் தட்டுத் தராசு, திணிவை இன்னொரு திணிவோடு ஒப்பிடுவதால், சந்திரனிலும் 50 என்றே சொல்லும். இங்கிருந்து கொண்டுபோன விற்றராசு அங்கே 8 கிலோகிராமைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். நெல் வாங்குபவரின் விற்றராசில் கிலோகிராம் என எழுதியிருந்தாலும், அது அளப்பது விசையையே.

நான்காம் படி: அடர்த்தி

அடர்த்தியை, அதாவது ஓரலகு கனவளவில் அடங்கும் திணிவை, விளக்க விதைநெல் தெரிவதைவிடப் பொருத்தமான செய்கை வேறில்லை என்பது என் எண்ணம். காலபோகத்துக்கு (மாரிப் பருவ நெற்செய்கைக்கு) விதைக்குமுன், புதிய முட்டையொன்றை வாளித் தண்ணீரில் இடுங்கள். அது அடியில் தங்கும். உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரைத்துக்கொண்டே வந்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 120 கிராம் அளவில் முட்டை மேலெழுந்து, ஓட்டின் ஒரு சிறு வட்டம் நீருக்கு வெளியே தெரியும். முட்டையின் திணிவோ கனவளவோ மாறவில்லை. ஒரு லீற்றருக்கு 1 கிலோகிராமாக இருந்த நீரின் அடர்த்திதான் ஏறத்தாழ 1.08 ஆகியிருக்கிறது. அதனால், முட்டை இடம்பெயர்க்கும் நீரின் நிறை, அதாவது மேலுதைப்பு, முட்டையைத் தாங்கப் போதுமானதாகிவிடுகிறது. (பழைய முட்டையின் உள்ளே காற்றிடம் பெருத்திருப்பதால் அது முன்கூட்டியே மிதக்கும், எனவே அன்று இட்ட முட்டையையே எடுங்கள்.)

முட்டையை எடுத்துவிட்டு, விதைநெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். பதரும் அரைவிளைச்சல் மணிகளும் மேலே மிதக்கும். அவற்றை வழித்தெடுத்த பின், அடியில் தங்கிய மணிகளை உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உப்போடு விட்டால் முளைதிறன் கெடும்.

ஐந்தாம் படி: புசல் கணக்கு

ஒரு புசல் என்பது ஏறத்தாழ 36.4 லீற்றர் கனவளவு; அதில் கொள்ளும் நெல் ஏறத்தாழ 20.9 கிலோகிராம். வகுத்தால் லீற்றருக்கு 0.57 கிலோகிராம் வருகிறது. இது நீரைவிடக் குறைவு. அப்படியானால் நல்ல மணி எப்படி உப்பு நீரிலும் அமிழ்ந்தது? புசலின் கனவளவில் மணிகளுக்கிடையே உள்ள காற்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு பேணி நிறைய நெல் எடுத்து, அளந்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே போன தண்ணீரின் அளவே அந்த இடைவெளி. அதைக் கழித்து வரும் கனவளவால் நெல்லின் திணிவை வகுத்தால், மணியின் சொந்த அடர்த்தி கிடைக்கும்.