இரவுப் படபடப்பு அடங்கிய விதம்

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரு நாள் கொரோனா தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை; ஆனாலும் இரவானால் எனக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். ஆக்சிமீட்டரோ ரத்த ஆக்சிஜன் அளவு 98 சதவீதம் என்று காட்டும். மூச்சை அடைப்பது பயம்தான் என்று அப்போது புரிந்தது.

முதலில் செய்திகளைக் குறைத்தேன். மாலையில் வரும் அரசு அறிக்கை மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் ஒலியை நிறுத்தியதில் அத்தைக்கு வருத்தம். அவருடன் தினமும் போனில் பேசினேன். அது எங்கள் இருவருக்குமே நல்லதாக அமைந்தது.

அதிகம் கைகொடுத்தது மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால் வெளிமூச்சுதான் நீள வேண்டும். ஆழமாக இழுப்பதிலேயே குறியாக இருந்தால் தலை கிறுகிறுக்கும், படபடப்பும் கூடும். காலையில் மொட்டைமாடியில் நடந்தேன், மதியத்துக்குப் பின் காப்பியை விட்டேன். தூக்கம் மெல்லத் திரும்பியது.

அப்படியும் அடங்காத ஓர் இரவில் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்தேன். ஆலோசகர் அவசரப்படாமல் கேட்டார்; தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். இப்போது தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் என்ற அரசு சேவையின் 14416 எண்ணும் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தயங்காமல் அழையுங்கள்.