கடற்றொழில் அனுமதிப்பத்திரம்: பணத்தையும் பருவத்தையும் விழுங்கும் தவறுகள்

வாடைக் காலம் முடிந்து கடல் அடங்கத் தொடங்கியதும், புதிதாகத் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் விண்ணப்பப் படிவத்துடன் எங்கள் சங்கத்துக்கு வருகின்றனர். முன்னர் வந்தவர்கள் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்கின்றனர். கையெழுத்து விடுபட்டதையும் அடையாள அட்டைப் பிரதி இணைக்கப்படாததையும் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதிவையும் அனுமதியையும் ஒன்றென எண்ணுதல்

பதிவுச் சான்றிதழ் கலம் எவ்வகையானது, யாருக்கு உரியது என்பதைச் சொல்கிறது. அனுமதிப்பத்திரமோ, இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், குறித்த தொழிலைச் செய்வதற்கு வழங்கப்படுவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. பதிவு இருக்கிறது என்ற துணிவில் கடலுக்குப் போகிறவர், கடற்படையினர் மறிக்கும்போது காட்டுவதற்கு ஒன்றுமின்றி நிற்பார்.

பெயர் மாற்றாமல் பழைய படகை வாங்குதல்

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத பிழை இது; இதைக் காணும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. புதுப் படகுக்குப் பணம் போதாதவர்கள் பாவித்த கண்ணாடியிழைப் படகைத் தேடுவது இயல்பே. ஆனால் "தெரிந்த ஆள்தானே" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகின்றனர். அந்தத் தாள் இருவருக்கிடையிலான உடன்பாட்டுக்குச் சான்றாகலாம். ஆனால் கடற்றொழில் திணைக்களத்தின் பதிவேட்டில் உரிமையாளர் பழையவரே. அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் இது வாங்கியவருக்கு உறைக்கிறது.

யாழ்ப்பாணக் குருநகர்த் தம்பி ஒருவர் மன்னாரில் பதிவான படகொன்றை இவ்வாறே வாங்கினார். விலை மலிவு. நிறமும் புதிது. விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, சான்றிதழில் இருந்த இயந்திர இலக்கமும் படகில் பூட்டியிருந்த இயந்திரத்தின் இலக்கமும் ஒத்துவரவில்லை. படகை விற்றவர் பழைய இயந்திரத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பூட்டிக் கொடுத்திருந்தார். படகின் பேரில் நிதி நிறுவனம் ஒன்றில் கட்டி முடிக்காத கடனும் இருந்தது. இவற்றைத் தீர்க்க விற்றவரைத் தேடினால், அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வந்து, கடன் தீர்ந்து, உரிமை மாறுவதற்குள் சோளகக் காற்றின் பருவமும் ஓய்ந்துவிட்டது. அதுவரை படகு கரையில் கிடந்தது. தம்பி பிறர் படகில் கூலிக்குப் போனார். கடன் தவணையையும் அவரே கட்டினார் என்பதைக் கேட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை.

ஆகவே முற்பணத்துக்கு மேல் ஒரு சதமும் கொடுக்குமுன், விற்பவரையும் அழைத்துக்கொண்டு கடற்றொழில் பரிசோதகரிடம் செல்லுங்கள். இயந்திரத்தில் படிந்த உப்பைத் துடைத்து, இலக்கத்தை உங்கள் கண்ணாலேயே சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். வெளியிணைப்பு இயந்திரப் படகின் பதிவு இலக்கம் ஓ.எஃப்.ஆர்.பி. எனத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு உரியதாயின் ஜே.எஃப்.என். என முடியும். வேறு மாவட்டத்துக்கு உரியதாயின், அங்குள்ள அலுவலகத்திலும் விசாரிக்காமல் வாங்க வேண்டாம். கடன் இல்லை என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லாக ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் அவர் கையொப்பமிட்ட பின்னரே மிகுதிப் பணம் கைமாற வேண்டும். உறவினர் மனம் நோகும் என்று தயங்குகிறவர்களுக்கு, படகு கரையில் கிடக்கும்போது அந்த உறவும் முறிவதை நான் பார்த்திருக்கிறேன்.

தொழிலைப் பொதுவாக எழுதுதல்

"மீன்பிடி" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வலை, எந்தத் தொழில் என்பதைக் குறிப்பிட வேண்டும். சங்கு குளித்தலுக்கும் கடலட்டை பிடித்தலுக்கும் தனி அனுமதி தேவை. வலைத்தொழிலுக்குப் பெற்ற பத்திரம் அங்கே செல்லாது.

இழுவைமடி

கடலடியை வாரி இழுக்கும் இந்த வலைத்தொழிலை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடைசெய்துவிட்டது. இதற்கு அனுமதி கேட்கவே வேண்டாம்.

பலநாட்கலமும் ஆழ்கடலும்

பல நாட்கள் கடலில் தங்கித் தொழில் செய்யும் பலநாட்கலங்களில் 200 கடல்மைலுக்கு அப்பால் செல்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் ஆழ்கடல் ஒழுங்குவிதிகள் பொருந்தும். அனுமதியும் வேறு, கலத்தில் கண்காணிப்புக் கருவியும் வேண்டும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015இல் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2016இல்தான் நீங்கியது என்பதால், இதில் தளர்வை எதிர்பார்த்து விண்ணப்பிப்பது வீண். கரையோரத்தில் மட்டும் தொழில் செய்யப் போகிறவர் இந்த அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றுதல்

மீன்பிடி அனுமதி பயணிகளை ஏற்றும் அனுமதி அன்று.