காளானைக் குடையை மட்டும் பார்த்து அடையாளம் சொல்லாதீர்கள்

மாரி மழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் வாவிக்கரைப் பூங்கா, பள்ளிக்கூட மைதானம், படுவான்கரைப் பக்கத்துப் புற்றடி என்று எங்கும் காளான் தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நடக்கப் போனால் குனிந்து பாருங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் குடையின் நிறத்தை மட்டும் பார்த்து "இது நாம சாப்பிடுற காளான்தான்" என்று முடிவெடுப்பது பெரிய பிழை. போனில் படம் பிடித்து செயலியிடம் கேட்பதும் அதே பிழைதான்.

தண்டோடு கிள்ளி எடுக்காதீர்கள். அமனிற்றா இனத்தில் உயிரைக் குடிக்கிற காளான்கள் இருக்கின்றன, அவற்றின் முக்கிய அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது: தண்டின் அடி ஒரு பை மாதிரி உறைக்குள் இருக்கும், கிள்ளினால் அது மண்ணிலேயே நின்றுவிடும். சின்னக் கத்தியால் சுற்றிவரக் கிண்டி முழுசாக எடுங்கள். நாம சாப்பிடுற புற்றுக்காளான் என்றால் தண்டு வேர்போல மெலிந்து கறையான் கூடு வரைக்கும் இறங்கும். புற்றுக்குப் பக்கத்தில் முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் ஆகாது.

புல்தரையில் வட்டம் கட்டி நிற்கும் பெரிய வெள்ளைக் குடை, மேலே கபிலச் செதில், தண்டில் வளையம், அதில் கவனம். சாப்பிட்டால் சில மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இளசாக இருக்கும்போது குடையின் அடி மடிப்புகள் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். அதனால் முற்றிய குடை ஒன்றை வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்க, பாதி வெள்ளை பாதி கறுப்பான கடதாசியில் வைத்து, கோப்பையால் மூடி இரவு விடுங்கள். காலையில் காளானின் விதை மாதிரியான வித்தித்தூள் படிந்திருக்கும். இந்தச் செதில் குடைக்குப் பச்சை, புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு, அமனிற்றாவுக்கு வெள்ளை. கறுப்புப் பாதி எதற்கென்றால், வெள்ளைத்தூள் வெள்ளைக் கடதாசியில் தெரியாது. ஆனாலும் நிறம் ஒத்துப்போனது என்பதற்காகக் கறிவைக்கலாம் என்று ஆகாது.

அப்புறம், வெள்ளிக் கரண்டி, உள்ளி, அரிசி போட்டு நிறம் மாறுதா என்று பார்ப்பது எதுவும் நஞ்சைக் காட்டாது. நத்தை தின்றதால் நமக்கும் ஆகும் என்பதும் பொய். அமனிற்றாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

அந்த நஞ்சு பெரும்பாலும் 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வேலையைக் காட்டும். வாந்தி நின்று ஆள் தேறினமாதிரி இருக்கும்போதே ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்த உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள் அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்சக் காளானையும் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.